வருங்கால மாதிரி எண் ஏழு

அப்துல் ஹலீம் மௌத்தாகி ஒரு வருடமும் எட்டு மாதமும் ஆன பிறகு அவர் பெயருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. ‘தாங்கள் சத்திரம் பேருந்து நிலையத்தில் திடீர் மரணம் அடைந்தது தொடர்பாகச் சில விவரங்கள் தேவைப்படுவதால், வரும் ஜூன் 12ஆம் தேதி வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, உரிய அடையாள அட்டையுடன் நேரில் ஆஜராகவும். தவறினால் தங்கள் மரணம் ஆய்வில் சேர்த்துக்கொள்ளப்பட மாட்டாது’ என்று அதில் கண்டிருந்தது.

உரியவரிடம்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று தபால்காரர் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு அவருக்கே என்னவோ தோன்றியிருக்க வேண்டும். அப்துல் ஹலீமின் தம்பி மனைவி சுராயாவிடம் கடிதத்தை நீட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

சுராயா அதைக் கிழித்துப் போடத்தான் பார்த்தாள். அவள் கணவன் ஜெகபர் அலி விடவில்லை. பதினோரு வருடம் சவூதியில், தம்மாமில் வேலை பார்த்துத் திரும்பிய மனிதன். ஒருவன் உள்ளே போவதும் வெளியே வருவதும் முத்திரை குத்திய காகிதத்தின் கையில்தான் இருக்கிறது என்பதை அங்கே கண்ணால் பார்த்தவன். இப்போது பாலக்கரையில் பைக்குகளுக்கு சீட் கவர் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தான். கடிதத்தின் அடியில் இருந்த வட்ட முத்திரையை இரண்டு முறை விரலால் தடவிப் பார்த்தான்.

அவனுக்குச் சொந்தக் காரணமும் ஒன்று இருந்தது. அவனைப் பெற்ற அத்தா நாற்பத்தேழு வயதில் கடையில் உட்கார்ந்தபடியே போனார். அண்ணன் அப்துல் ஹலீம் நாற்பத்தாறில், ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கியதும் போனார். ஜெகபர் அலிக்கு இப்போது நாற்பத்தைந்து. நோன்பு மாதத்திலிருந்தே ரெக்ஸின் சுருளைத் தூக்கினால் நெஞ்சுக்குள் யாரோ கைவிட்டுப் பிசைகிற மாதிரி இருந்தது. மனைவியைத் தவிர வேறு யாரிடமும் அவன் சொல்லவில்லை.

“இதையே ஆராய்ச்சி பண்றவங்க சுராயா. நாம தேடிப் போகல, அவங்களே தேடி வந்திருக்காங்க. நம்மளைப் பாக்காமலா விட்டுடுவாங்க?” என்றான்.

தில்லை நகரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ‘மருத்துவமனைக்கு வெளியே நிகழும் திடீர் மரணங்களின் போக்குகள் மற்றும் இடர்க்காரணிகள் குறித்த மண்டல உயராய்வு மையம்’ என்று கீழே பலகை மாட்டியிருந்தார்கள். அதை ஒரே மூச்சில் வாசித்து முடிக்கிறவருக்கு இதயத்தில் கோளாறு இல்லை என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். லிப்ட் பராமரிப்பில் இருந்தது. மையம் திறந்த நாளிலிருந்தே பராமரிப்பில்தான் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு ஸ்டூல் கிடந்தது. ஜெகபர் அலி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதில் உட்கார்ந்தான். காவலாளி பிச்சைமுத்து பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

“வர்றவங்கள்ல பாதிப் பேரு இங்க உக்காந்துட்டுத்தாம்மா மேல போறாங்க. எங்க வீட்டு ஸ்டூலு. ஆபீஸ்ல சொல்லிடாதீங்க, எடுக்கச் சொல்லிடுவாங்க” என்றார் சுராயாவிடம்.

அந்த மையத்தில் உயிருள்ள மனிதனுக்கு ஏதாவது வசதி செய்து கொடுத்தவர் அவர் ஒருவர்தான். மூன்றாவது மாடியில் ஏறி நின்றதும் எதிரே பெரிய வண்ணப் பலகை தெரிந்தது: ‘மாடிப்படி ஏறும்போது நெஞ்சு வலிக்கிறதா? ஏறாதீர்கள்!’

கள ஆய்வாளர் சௌமியா நல்ல பெண். இருபத்தாறு வயதிருக்கும். அப்துல் ஹலீம் வரவில்லையா என்று கேட்டாள். அவர் இறந்துவிட்டதால் வர முடியவில்லை என்று சுராயா விளக்கினாள். அதற்கென்று ஒரு படிவம் இருந்தது. ‘இறந்தவர் நேரில் வர இயலாமைக்கான காரணம்’ என்ற இடத்தில் ‘இறப்பு’ என்று எழுதி ஜெகபர் அலி கையெழுத்துப் போட்டான். அதன் பிறகு அவன் ‘தகவலாளர்’ ஆனான். கேள்விகள் இருநூற்றுப் பதினான்கு.

“வலி வந்து எவ்வளவு நேரத்துல உயிர் போச்சு சார்?”

“பஸ்ஸை விட்டு இறங்கினாங்க. நெஞ்சைப் பிடிச்சாங்க. அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. அஞ்சு நிமிஷம்கூட இருக்காது.”

“ரொம்ப நல்லது சார்” என்று சௌமியா மலர்ந்தாள். “முதல் அறிகுறி தெரிஞ்சு ஒரு மணி நேரத்துக்குள்ள போனாத்தான் திடீர் மரணம்னு எடுத்துப்போம். நிறையப் பேரு நாள் கணக்குல இழுத்துடறாங்க. எங்களுக்குப் பிரயோஜனப்பட மாட்டாங்க.”

குடும்பத்தில் வேறு யாராவது இப்படி இறந்தார்களா? அத்தா. புகைப்பாரா? இல்லை. டீ? ஒரு நாளைக்கு ஏழு. மாடிப்படி ஏறினால் வலிக்குமா? வலிக்கும், உள்ளே பிசையும், இடது கை மரத்துப் போகும், வேர்த்துக் கொட்டும். சௌமியா எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “அண்ணனுக்கு இவ்வளவு விவரமா எப்படி சார் ஞாபகம் வச்சிருக்கீங்க?”

“அண்ணனுக்கு இல்லைங்க. எனக்குச் சொல்றேன்” என்றான் ஜெகபர் அலி.

சௌமியா பதறிப்போய் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு வேறு படிவம் எடுத்தாள். தகவலாளரின் உடம்பைப் பற்றி எழுதப் படிவத்தில் இடம் இல்லை என்றாள். அவள் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

சுராயா அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். மூலையில் ஈசிஜி எடுக்கும் இயந்திரம் ஒன்று பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றது. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் உறைமேல் காய்ந்திருந்தன.

“இதுல இவங்களுக்கு ஒரு தடவை பாத்துடுங்களேம்மா. இங்கதான் இருக்கு, நாங்களும் இங்கதான் இருக்கோம்.”

“அது ஆய்வுக் கருவி மேடம். ஆய்வுக்கு உட்பட்டவங்களுக்கு மட்டும்தான்.”

“உங்க ஆய்வுக்கு உட்பட்டவங்கதான் எல்லாரும் மௌத்தாயிட்டாங்களே?”

“அதனாலதான் மேடம் இன்னும் உறை பிரிக்கல” என்றாள் சௌமியா.

சத்தம் கேட்டு இயக்குநர் பாலமுரளி அறையிலிருந்து வந்தார். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருந்ததைக் கண்டதும் ஜெகபர் அலி சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான். இயக்குநர் கையமர்த்தினார். அவர் புள்ளியியலில் டாக்டர். நாடியைப் பிடித்துப் பார்த்ததே இல்லை என்பதை ஒரு விரதத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

“பாருங்கோ, மக்கள் மத்தியில ஒரு தப்பான எண்ணம் இருக்கு. நாங்க மரணத்தைத் தடுக்கறோம்னு நெனைக்கறா. தடுக்கறது வேற துறை. நாங்க ஆராயறோம். தடுத்துட்டா எதை ஆராயறது? ஆறு வருஷ உழைப்புல நாங்க நிறுவியிருக்கற முக்கியமான விஷயம் என்ன தெரியுமோ? திடீர்னு இறந்தவா அத்தனை பேரும் அதுக்குச் சித்த முன்னால வரைக்கும் உயிரோட இருந்திருக்கா. ஒருத்தர்கூட விதிவிலக்கு இல்ல. டெல்லியில இந்தக் கட்டுரையை வாசிச்சப்போ சபையே நிசப்தமாயிடுத்து.”

ஜெகபர் அலி கழற்றிய பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டான்.

ஜெகபர் அலியின் வயது, அத்தா, அண்ணன், ஏழு டீ, மரத்துப் போகும் இடது கை எல்லாவற்றையும் சௌமியா சொல்லக் கேட்டதும் இயக்குநரின் கண்கள் பளபளத்தன. பெண் பார்க்க வந்த வீட்டில் பெண்ணைப் பிடித்துவிட்ட மாமியார் போல அவனை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த கட்ட ஆய்வில் ‘வருங்கால மாதிரி’ என்று ஒரு பிரிவு இருக்கிறதாம். இறக்கக்கூடியவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்துத் தொடர்ந்து வருவார்களாம். இதுவரை ஆறு பேர். ஜெகபர் அலிக்கு ஏழாம் எண் கொடுத்து, படம் ஒட்டி, கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டையும் தந்தார்கள்.

“அப்ப வைத்தியம்?” என்று சுராயா கேட்டாள்.

“அதுக்குத்தான் பரிந்துரைக் கடிதம் தருவோம். பெரிய ஆஸ்பத்திரியில இதைக் காட்டினா வரிசையில நிக்க வேண்டாம், நேரா பெரிய டாக்டரே பாப்பார். குழு கூடிக் கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும் வேற எங்கயும் மருந்து மாத்திரைன்னு ஆரம்பிச்சுடாதேள். டீயைக் குறைக்கறது, நடைப்பயிற்சி போறது, இதெல்லாமும் வேண்டாம். இயல்பா இருக்கணும். இல்லேன்னா போக்கு கெட்டுப் போயிடும்.”

“இவங்க கெட்டுப் போனா?”

இயக்குநர் புன்னகைத்தார். அந்தக் கேள்வி ஆய்வின் வரம்புக்குள் வரவில்லை.

ஜூலை மாதக் குழுக் கூட்டம், உறுப்பினர் ஒருவர் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போயிருந்ததால் ஒத்திவைக்கப்பட்டது. சௌமியா மட்டும் தவறாமல் பாலக்கரைக் கடைக்கு வந்தாள். மாதம் இரண்டு முறை. வலி எந்த அளவில் இருக்கிறது, எத்தனை படி ஏற முடிகிறது, இரவில் தூக்கம் எப்படி என்று கேட்டு எழுதிக்கொண்டாள். ஜூனில் முப்பது படி ஏறியவன் ஜூலையில் பதினெட்டுக்கு இறங்கினான். ஆகஸ்டில் பன்னிரண்டு. அவள் அதைக் கோடாக வரைந்து காட்டினாள். கோடு ஒழுங்காக இறங்கியிருந்தது. இவ்வளவு சீராக வேறு எந்த மாதிரியும் அமையவில்லை என்று சார் சொன்னாராம். ஜெகபர் அலிக்குக் கூச்சமாகவும் கொஞ்சம் பெருமையாகவும்கூட இருந்தது. பக்கத்து டயர் கடைக்காரரிடம் அட்டையைக் காட்டினான்.

சுராயாவுக்குத்தான் அந்தக் கோடு எங்கே போய் முடியும் என்று தெரிந்தது. ஒரு நாள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவனைப் பெரிய மருத்துவமனை ஒன்றுக்குக் கூட்டிப் போனாள். சீட்டு எழுதுகிறவர் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

“இவரு அந்த மையத்துக் கேஸு. அங்கேருந்து கடிதம் வாங்கிட்டு வாங்க. நாங்களாப் பாத்தா அவங்க மேலிடத்துக்கு எழுதிப் போட்டுடுவாங்க. போன தடவை அப்படித்தான் எங்களுக்கு மெமோ வந்துச்சு.”

“இந்த அட்டையைக் கழட்டிப் போட்டுட்டு வந்தா பாப்பீங்களா?” என்று சுராயா கேட்டாள். பெயரை ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டதாக அவர் சொன்னார்.

மறுநாள் மூன்று மாடி ஏறினார்கள். கடிதம் தயாராகிக்கொண்டிருக்கிறது என்றார்கள். பத்து நாள் கழித்து ஏறினார்கள். பிச்சைமுத்து இப்போது முதல் மாடித் திருப்பத்திலும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் வருகைப் பதிவேட்டில் பெயர், நேரம், வந்த காரணம் எழுத வேண்டும். ‘நெஞ்சு வலி. கடிதம் கேட்டு’ என்று சுராயாதான் எழுதினாள். ஒன்பது முறை எழுதினாள்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் இயக்குநரே போன் செய்தார். உலக இதய தினத்தன்று மாபெரும் விழிப்புணர்வுப் பேரணி. சத்திரம் பேருந்து நிலையத்தில் தொடங்கி, காவிரிப் பாலம் வழியாக ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் வரை. பேரணி அங்கே முடிவதற்கு, இயக்குநரின் வீடு அந்தப் பக்கம் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. வருங்கால மாதிரி எண் ஏழு பதாகை பிடித்து முன்னால் நடக்க வேண்டும். ராஜகோபுர மேடையில், சிறப்பு விருந்தினர் கையால் கடிதம் வழங்கப்படும்.

“அவ்வளவு தூரம் இவங்களால நடக்க முடியாது சார். கடிதத்தை நான் ஆபீஸ்லயே வந்து வாங்கிக்கறேன்” என்றாள் சுராயா.

“மேடையில கொடுத்தாத்தாம்மா அது பதிவாகும். நிகழ்ச்சி நிரல் அச்சாயிடுத்து.”

ஜெகபர் அலி அவள் கையிலிருந்து போனை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டான். “அந்த ஒரு நாள்தான் சுராயா. மெதுவா நடந்துடறேன். கடிதம் கைக்கு வந்துட்டா அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், இன்ஷா அல்லாஹ்.” மகள் அல்ஃபியாவிடம் புதுச் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னான்.

பேரணி காலை எட்டு மணிக்கு என்று சொல்லிப் பத்தேகாலுக்குக் கிளம்பியது. வெயில் அதற்குள் நன்றாக ஏறியிருந்தது. ‘அறிகுறிகளை அலட்சியம் செய்யாதீர்!’ என்ற பதாகையின் ஒரு முனையை ஜெகபர் அலி பிடித்திருந்தான். மறுமுனையில் ஒரு கல்லூரி மாணவன். பின்னால் ஒரு மினி லாரி அலங்கார ஊர்தியாக வந்தது. அதன்மேல் தெர்மோகோலில் செய்த பெரிய இதயம் விட்டு விட்டு எரிந்தது. அதற்குக் கீழே சாமந்தி மாலை போட்டு அந்த ஈசிஜி இயந்திரத்தை ஏற்றியிருந்தார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. இயந்திரம் வண்டியில் போயிற்று, நோயாளி அதற்கு முன்னால் நடந்து போனான்.

இயக்குநர் ஊர்தியின்மேல் நின்று மைக்கில் பேசிக்கொண்டே வந்தார். “நெஞ்சுல வலியா? உடனே கவனியுங்கள்! ஒவ்வொரு நிமிஷமும் பொன்னானது! தாமதம்தான் நம்ம முதல் எதிரி!” சிந்தாமணி தாண்டிப் பாலம் ஏறும்போதே ஜெகபர் அலியின் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டதை ஓரமாக நடந்து வந்த சுராயா பார்த்தாள். ஓடிப் போய் “விடுங்க, போதும், வாங்க போயிடலாம்” என்றாள். “பாலம் தாண்டினா வந்துடும்” என்றான் அவன். உதடு வெளுத்திருந்தது.

பாலத்தின் நடுவில் அவன் கை பதாகையை விட்டது. மறுமுனைக்காரன் கவனிக்காமல் இழுத்துக்கொண்டு போனான். ஜெகபர் அலி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, சறுக்கி, நடைபாதையில் உட்கார்ந்தான். அண்ணன் உட்கார்ந்தது போலவே.

சுராயா கத்தின கத்தலில் மைக் நின்றது. யாரோ சட்டையைத் தளர்த்தினார்கள். யாரோ தண்ணீர் தெளித்தார்கள். அவள் ஊர்தியைக் காட்டி, “அந்த மெஷினை இறக்குங்க சார், அதையாவது பிரிங்க” என்று அலறினாள்.

“அதை இயக்கத் தெரிஞ்சவர் இன்னும் நியமனம் ஆகலம்மா” என்றார் இயக்குநர். அவரும் பதறிப்போய் ஊர்தியிலிருந்து குதித்து இறங்கினார். அதையும் சொல்லிவிட வேண்டும். இறங்கிய வேகத்திலேயே சௌமியா பக்கம் திரும்பி, “டைம் நோட் பண்ணிக்கோ” என்றார்.

நூற்றெட்டு ஆம்புலன்ஸ் பாலத்தின் சிந்தாமணி முனைக்கு ஆறே நிமிடத்தில் வந்துவிட்டது. பாலத்தை அடைத்து நின்ற பேரணியைத் தாண்டி உள்ளே வர அதற்கு இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. ஊர்தியைப் பின்னால் எடுக்க முடியவில்லை. தெர்மோகோல் இதயம் விளக்குக் கம்பத்தில் சிக்கியிருந்தது.

அவனை வண்டியில் ஏற்றும்போது இயக்குநர் ஓடி வந்தார். கோப்புப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்துச் சுராயாவின் கையில் திணித்தார். “இந்தாம்மா கடிதம். இதைக் காட்டுங்கோ, வரிசையில நிக்க வேண்டாம்.”

ஆம்புலன்ஸில் அவள் அதைப் பிரித்துப் பார்த்தாள். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கையெழுத்துக்குக் கீழே ஆகஸ்ட் 5 என்று தேதி இருந்தது. மேடைக்காக ஐம்பத்தைந்து நாள் அந்தப் பையில் இருந்திருக்கிறது. இயக்குநர் சொன்னது மட்டும் பலித்தது, மருத்துவமனையில் அவர்கள் வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

ஆறு வாரம் கழித்துச் சௌமியா வீட்டுக்கு வந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தாள் சுராயா. அல்ஃபியா, வந்தவளை உள்ளே விட வேண்டாம் என்றாள். “வரட்டும். அந்தப் பொண்ணு என்ன பண்ணும்” என்று சுராயா உள்ளறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். சௌமியா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தாள். அதே இருநூற்றுப் பதினான்கு கேள்விகள். இந்த முறை தகவலாளர் சுராயா.

“முதல் அறிகுறி எப்ப தெரிஞ்சுது மேடம்?”

“நோன்பு மாசம். உங்க ஆபீஸ்ல வந்து சொன்னது ஜூன் பன்னெண்டு.”

சௌமியா மையத்தின் பதிவேட்டு நகலைப் புரட்டினாள். ஜூன் 12க்குப் பிறகு ஒன்பது வருகைகள், ஒன்பதும் சுராயாவின் கையெழுத்தில், ‘நெஞ்சு வலி. கடிதம் கேட்டு’. அவள் விரல் அந்த வரிகளிலேயே நின்றது. பிறகு, ஏதோ தானே குற்றம் செய்துவிட்டவளைப் போல மெதுவாகச் சொன்னாள்.

“மேடம், ஒரு சிக்கல். ஜூன் பன்னெண்டுலேருந்து செப்டம்பர் இருபத்தொம்பது வரைக்கும் நூத்தி ஒம்போது நாள் வருது. ஒரு மணி நேரத்துக்குள்ள இருந்தாத்தான்... இதைத் திடீர் மரணமா எடுத்துக்க முடியாதுங்க. சாரும் அப்படித்தான் இருக்கும்னு சொன்னாரு. விதிமுறைப்படி மாதிரியை நீக்கிடணும். நீங்க ஒப்புதல் கையெழுத்து போடணும்.”

படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்தாள். ‘இது திடீர் மரணம் அல்ல. அறிகுறிகள் 109 நாட்களுக்கு முன்பே தெரிந்திருந்தன’ என்று எழுதியிருந்தது.

சுராயா அதை இரண்டு முறை வாசித்தாள். இத்தனை நாளில் அந்த மையம் எழுதியதில் உண்மையான வரி அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

“சரியாத்தாம்மா எழுதியிருக்கீங்க. திடீர்னு ஒண்ணும் நடக்கல” என்றாள். “ஆனா யாருக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு இதுல போடலையே?”

“அதுக்குப் படிவத்துல இடம் இல்லைங்க மேடம்.”

சுராயா பேனாவை வாங்கினாள். ‘முன்பே தெரிந்திருந்தன’ என்பதற்குப் பக்கத்தில், ஓரத்து வெள்ளையில், பதிவேட்டில் ஒன்பது முறை எழுதிய அதே நிதானமான கையெழுத்தில், ‘உங்களுக்கு’ என்று எழுதினாள். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

“ஓரத்துல எழுதினா ஃபார்ம் செல்லாதுங்க மேடம்” என்றாள் சௌமியா அழுகையோடு. “மறுபடியும் முதல்லேருந்து நிரப்பணும்.”

“நிரப்பும்மா. எத்தனை தடவை கொண்டு வந்தாலும் இதைத்தான் எழுதுவேன்.”